பதினாறுக்கு மேல போடாதீங்க

ஹலோ... ஹலோ தம்பி, அக்காடா... மெதுவாத்தான் பேசுவேன், சமையலறையிலேர்ந்து பேசுறேன். உங்க மாமா ஹால்ல ஸ்டூல் மேல நிக்கிறாரு... ஸ்க்ரூ டிரைவரோடதான், பின்னே பூமாலையோடவா?... ஆமா, கரண்டுப் பெட்டியைத் திறந்துட்டாரு... ஆமாடா, ஆமா, பிரேக்கரை அவரே மாத்தப் போறாராம்!

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா? அடேய், நீதானடா எலக்ட்ரீஷியன்! ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு மூணு வருஷமா மாமனும் மச்சானும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திரியிறீங்க... சரி, சரி, நீ ஆரம்பிக்கலை. அவருதான், "உன் தம்பி சின்ன பிரேக்கரைப் போட்டு ஏமாத்திட்டான்"னாரு. நீயும் இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்னே...

இன்னைக்கு என்ன ஆச்சா? ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் சேர்த்துப் போட்டா பிரேக்கர் பொட்டுன்னு விழுந்து கரண்டு போயிடுதுல்ல, காலையில தலை நிறைய சோப்போட நின்னாரு. ரோஷம் பொத்துக்கிட்டு வந்து நேரா கடைக்கு ஓடிட்டாரு... எத்தனை ஆம்பியரா? இரு, டப்பா இங்கதான் கிடக்கு... நாப்பது.

ஹலோ?... ஏன்டா கத்துறே, காது போயிடும்!... ம்... ம்... வயரு அவ்வளவு தாங்காதா?... பிரேக்கர் விழாம, சுவத்துக்குள்ள வயரு எரியுமா? ஐயையோ... பக்கத்து வீட்டுல முப்பத்திரண்டாம்டா, அதான் இவருக்கு நாப்பது! வீடு வீடாப் போய்த் தீ விபத்து இன்சூரன்ஸ் விக்கிற மனுஷன்டா இவரு!

...என்னங்க?... யாருமில்லைங்க, தையல்காரம்மா! அளவு கேக்குறாங்க!

சொல்லுடா... மெயினை ஆஃப் பண்ணிட்டாரு... என்னது, அப்பவும் மெயினுக்கு வர்ற வயர்ல கரண்டு இருக்குமா? இருடா, இரு... என்னங்க! மேல இருக்கிற தடி வயரைத் தொட்டுடாதீங்க! ஆஃப் பண்ணாலும் அதுல கரண்டு இருக்கும்!... எனக்கு எப்படித் தெரியுமா? நீங்க பார்த்த அதே வீடியோவை நானும் பார்த்தேங்க!

...வீடியோதான்டா. பதினோரு நிமிஷம். அதுல ஏழு நிமிஷம் லைக் போடு, ஷேர் பண்ணுங்கிறான்... நான் சொன்னா கேப்பாரா? இருபது வருஷத்துல ஒரே ஒரு தடவை கேட்டாரு, அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு... சிரிக்காதேடா. பயமா இருக்கு. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் வேற ஆடும்... ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?... மாடிப்படியா? சரி, சரி.

...என்னங்க?... தையல்காரம்மாவை எதுக்கு "டேய்"ங்கிறேனா? அது... அவங்க பையன் பேசுறான்ங்க!

டேய், சத்தத்தையே காணோம்... இரு, எட்டிப் பார்க்கிறேன்... ஸ்க்ரூ கழட்டி எடுத்த பெட்டி மூடியோட உள்பக்கத்தைப் படிச்சிட்டு நிக்கிறாருடா, அசையாம... நீ எழுதினதா? எப்போ?... வயரிங் பண்ண அன்னைக்கா?... என்னன்னு எழுதினே?... "மாமா, பதினாறுக்கு மேல போடாதீங்க. அக்கா இந்த வீட்டுலதான் இருக்கா."

...போடா. இதை அவருகிட்ட நேர்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?... சொன்னியா?... ஓ, அதுலதான் சண்டையே வந்துச்சா!

...என்னங்க?... ம்... ம்... டேய், கேக்குறாருடா... அந்தத் தையல்காரம்மா பையனுக்கு எலக்ட்ரிக் வேலை தெரியுமான்னு கேக்குறாரு!

தெரியும்ங்க! நல்லாவே தெரியும்!... டேய், வந்தா வேணாம்னு சொல்லமாட்டாராம். உடனே கிளம்பு... என்னது? வாசல்லயா நிக்கிறே?... நாப்பதுன்னு சொன்னப்பவே கிளம்பிட்டியா! அடப் பாவி, மாடிப்படின்னே!... பெல் அடிச்சுப் பார்த்தியா? மெயினையே ஆஃப் பண்ணியிருக்குடா, எலக்ட்ரீஷியனே! கதவைத் தட்டு!

என்னங்க, யாரோ தட்டுறாங்க, நீங்களே திறங்க, என் கையெல்லாம் சோப்பு!

...இறங்கிட்டாருடா... வர்றாரு... இரு, திரும்பிப் போறாரு... ஒண்ணுமில்லைடா, அந்த நாப்பதை எடுத்துச் சட்டைப் பையில ஒளிச்சிட்டு வர்றாரு. பை புடைச்சிட்டு நிக்குது. நீ பார்க்காத மாதிரியே இரு... வைக்கிறேன், திறக்குறாரு.