பாதி கம்ப்யூட்டரில் பந்தல்

நெய்யாற்றின்கரையிலிருந்து தனுவச்சபுரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு அத்தானும் மச்சினனும் இருந்தார்கள். கல்யாணக் கார்டு அடிக்க அத்தான் புதுக் கடை போடுகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

“கம்ப்யூட்டர்ல பாதி எடத்தைப் பந்தலுக்கு விட்டாச்சு மக்கா.”

“பந்தலா?”

“ஸ்வாப்புன்னு பேரு. மெமரி நெறஞ்சா மிச்ச வேலை போய்க் காத்துக் கெடக்கிற எடமாக்கும். பந்தியில எடம் இல்லன்னா நாம பந்தல்ல இருப்போம்லா, அதுபோல.”

“அதுக்குப் பாதியா? பின்ன கார்டு அடிக்கத் தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் எங்க வைப்பிய?”

“தமிழ் ஏறிச்சு. மலையாளத்துக்கு எடம் இல்லன்னு சொல்லுது.”

“நாளைக்குக் கடை திறப்பு! வாறவன்ல பாதிப்பேரு மலையாளத்துலதான் கார்டு கேப்பான். பந்தலக் கொறைங்க அத்தான்.”

“மாட்டேன். எனக்க மறுவீட்டு விருந்துல பந்தல் சின்னதாப் போட்டு, உங்க ஆளுகள வெயில்ல நிக்க வச்சேன்னு ஒனக்க அக்கா இப்பவும் சொல்லுதா.”

மச்சினன் சிரித்துக்கொண்டே எழுந்தான். தனுவச்சபுரம் வந்துவிட்டது.

“அண்ணைக்கு வெயில்ல நின்னவன் நானாக்கும். நானே சொல்லுதேன், கொறைங்க.”