ஒழுகாத தொட்டி

பிளைவுட் பலகையில் மீன் தொட்டி செய்வது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று பக்கமும் அடியும் பலகை. முன்பக்கம் மட்டும் கண்ணாடி. ஜப்பான்காரன் வந்த சண்டைக்கு முன்னால் எஸ்டேட்டுகளிலிருந்து ரப்பர் ஷீட்டை அடுக்கிக் கப்பலேற்றிய பெட்டிகளெல்லாம் பிளைவுட்தான். ஏற்றுமதி நின்றதும் அவை கிள்ளான் கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்தன. கண்ணாடிக்கு, உடைந்து நின்ற முதல் வகுப்பு வண்டி ஒன்றின் ஜன்னலைக் கழற்றினேன். நான் ரயில் பட்டறைத் தச்சன். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருப்பு. இதெல்லாம் எனக்குக் கைக்கெட்டிய பொருள்கள்.

நீங்கள் கௌஸைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரியும். சியாமிலிருந்து திரும்பாதவர்களின் பெயரை எழுதிக்கொள்ள வந்திருக்கிறீர்கள். சாட்சிக்கு என் பெயரைச் சொன்னது அவன் மனைவி ஹபீபாதான் என்றீர்கள். அந்தப் பெண்ணுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் தொட்டியைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருடம், பங்குனி மாதம். ஹராடா என்ற ஜப்பான் அதிகாரி எங்கள் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தார். சியாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலும் அவர் மேசையில்தான் இருந்தது. ஒரு சீனத் தவுக்கேயின், பணக்கார முதலாளியின், பங்களாவில் தங்கியிருந்தார். அங்கே குளத்தில் கிடந்த தங்க மீன்களை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். என்னைக் கூப்பிட்டு, முடியுமா என்று உடைந்த மலாயில் கேட்டார். முடியும் என்றேன். அந்த நாளில் முடியாது என்று சொல்லிப் பழகியவர்கள் யாரும் மிச்சமில்லை.

முதல் தொட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் காலை கூடம் முழுக்கத் தண்ணீர். பலகையின் பசை ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. இரண்டு மீன்கள் தரையில் செத்துக் கிடந்தன. அதிகாரி என்னை ஓர் அறை அறைந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். பத்து நாள் தவணை. தொட்டி நின்றால் எனக்குக் கைப்பட்டை. நிற்காவிட்டால் சியாம். கைப்பட்டை கட்டிய தொழிலாளியை யாரும் லோரியில் ஏற்ற மாட்டார்கள். ஆனால் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பட்டை.

எனக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கௌஸ் நாகூர்க்காரன். கிள்ளான் ஆற்றுத்துறையில் சரக்கேற்றும் தொங்கான் படகுகளுக்கு ஒழுக்கு அடைப்பவன். முன்பு ஒரு வருடம் நானும் அந்தத் துறையில் வேலை பார்த்ததால் பழக்கம். படகுகளையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்ட பிறகு வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டுக்கொண்டு இருந்தான். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அண்ணே, நீங்க மூலைய மட்டும் அடைச்சிருக்கீங்க. படகு மரம்னா தண்ணி குடிச்சு உப்பி இறுகிக்கும். இது ஒட்டுன பலகை லா. இதுக்குத் தண்ணியையே காட்டக்கூடாது. உள்ளே முழுக்கப் பூசணும்."

ஹபீபாவுக்கு அப்போது ஏழு மாதம். அவன் தயங்கினான். அவள்தான், "போயிட்டு வாங்க. அண்ணன்தானே கூப்பிடுறாங்க" என்றாள்.

ஐந்து நாள் என் வீட்டில் தங்கினான். நான் வேறு பலகையில் புதுத் தொட்டி கட்டினேன். குங்கிலியத்தை இடித்துச் சலித்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்தான். பழைய துணியைக் கிழித்து அதில் தோய்த்து மூலைகளில் அழுத்தினான். பிறகு உட்புறம் முழுவதும் மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காயும்வரை என் பெண்களுக்கு ஓலையில் காற்றாடி செய்து கொடுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன்.

தொட்டியைப் பங்களாவுக்குக் கொண்டுபோய் நிரப்பினோம். அதிகாரி அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தார். மறுநாள் நாங்கள் இருவரும் போனபோது காகிதம் அப்படியே காய்ந்து கிடந்தது. அவர் குழந்தைபோலக் குனிந்து மீன்களைப் பார்த்தார். ஒழுகாமல் அடைத்தது யார் என்று கேட்டார்.

நான் என்றேன்.

கௌஸ் வெளியே குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குங்கிலியம் லேசில் போகாது. அதிகாரி ஜன்னல் வழியாக அவனைக் காட்டி, அவன் யார் என்றார்.

"பலகை தூக்க வந்த கூலி, துவான். கிள்ளான் ஆள். வேலை இல்லாதவன்."

அந்த நாளில் வேலை இல்லாதவன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். எங்கே வீடு என்று கேட்டார். தெருவைச் சொன்னேன். வாசலில் முருங்கை மரம் நிற்கும் என்றும் சொன்னேன். மரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கௌஸ் நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் லோரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த வாரமே ஹபீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, அந்த ஜப்பான்காரர் உங்க பேச்சைக் கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே." சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். என் மனைவி நல்லம்மாள் அவளுக்குக் கஞ்சி கொடுத்தாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் பட்டறைக்குக் கிளம்பினேன், நேரமாகிவிட்டது.

இதுவரை நான் சொன்னதை நீங்கள் மன்னித்துவிடக்கூடும். உயிருக்குப் பயந்தவன், பட்டை ஒன்றுதான் இருந்தது, என்ன செய்வான் என்று நினைப்பீர்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத் தொடக்கத்தில் தொட்டியின் ஒரு மூலை கசிந்தது. அதிகாரி கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். அந்தக் கிள்ளான் ஆளின் கையில் குங்கிலியக் கறை இருந்ததே என்றார். இந்த வேலை அவனுக்குத் தெரியுமென்றால் சொல், ஒரு கடிதம் போட்டுச் சியாமிலிருந்து திரும்ப வரவழைக்கிறேன், உனக்கும் ஒன்றும் ஆகாது என்றார்.

மீன்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. யோசித்தேன், தடுமாறினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் யோசிக்கவே இல்லை.

"அவன் வெறும் கூலி, துவான். நானே பார்த்துக்கொள்வேன்."

கௌஸ் விட்டுப்போன குங்கிலியம் கால் தகரம் மிச்சமிருந்தது. அவன் செய்ததுபோலவே செய்தேன். மூன்று நாளில் கசிவு நின்றது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஹபீபா மறுபடியும் வந்தாள், இடுப்பில் ஆண் குழந்தையோடு. நான் கேட்டதாகவும் அதிகாரி மறுத்துவிட்டதாகவும் சொன்னேன். "நீங்களாவது கேட்டீங்களேண்ணே" என்று இரண்டு கோழிமுட்டையை நல்லம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பஞ்சத்தில் இரண்டு முட்டை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை.

கௌஸோடு அதே லோரியில் போன பக்கிரிசாமி போன மாதம்தான் திரும்பி வந்தான். ஆடி முழுக்க கௌஸ் நன்றாக இருந்தானாம். படகு வேலை தெரிந்தவன் என்று ஆற்றோரம் தோணிகளைப் பழுதுபார்க்க வைத்திருந்தார்களாம். ஆவணி பாதியில் காலரா. இரண்டே நாள். கடிதம் போயிருந்தால் ஆடி முடிவதற்குள் வந்திருப்பான். மாதங்களை நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். பலமுறை.

ஆகவே, கௌஸைச் சியாமுக்கு அனுப்பியது நான். அவன் திரும்பி வரக்கூடிய வழியை அடைத்ததும் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவது முறை எனக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. பொய் சொன்னவன் என்று ஒரு ஜப்பான்காரன் என்னை நினைத்துவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

உங்கள் காகிதத்தில் காலரா என்று எழுதிக்கொள்ளுங்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போடுகிறேன். ஹபீபா வெளியே பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்ன மற்றது எதுவும் அவள் காதுக்குப் போக வேண்டாம். பாவம், தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.