இடது நாலு, வலது ரெண்டு

ஐயோ, அந்தப் பாதப் பலகைய இழுக்காதீங்க சார். ஒடையல, யாரும் வெளையாட்டுக்குக் கோணலா வைக்கவும் இல்ல. நான்தான் வச்சேன், இப்பதான். தண்ணி குடிச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள நீங்க வந்து ஒக்காந்துட்டீங்க.

கோச்சா? நானா? நல்லா கேட்டீங்க போங்க. எதிர்ல டெய்லர் கடை என்னுது. பாருங்க, டேப்பைக்கூடக் கழுத்துலேர்ந்து கழட்டாம, பாதி ஷட்டரை எறக்கிட்டு ஓடி வந்திருக்கேன். மணி என்ன? அஞ்சே முக்காலா? பத்து நிமிஷத்துல முடிச்சிடுவீங்கல்ல? துடுப்பு போடற மாதிரி இழுக்கற இந்த ரோயிங் மெஷின், ஜிம்முலயே ஒண்ணுதான் இருக்கு.

சரி, ஒழுங்காவாவது வச்சுக்கங்க. பாதம் வைக்கிற பலகையில ஓட்டை வரிசையா இருக்கு பாருங்க, அத மேல கீழ நகத்தி மாட்டணும். பட்டை கணுக்கால் பக்கம் வரக்கூடாது. வெரல் முடிஞ்சு பாதம் அகலமா இருக்கே, அங்க வரணும். ரொம்ப இறுக்காதீங்க, முன்னால வரும்போது குதிகால் லேசா தூக்கணும். பாதம் ஒசரத்துல இருந்துச்சுன்னா முதுகு வளைஞ்சிரும். ம், இப்ப இழுங்க.

நானா? இதுல ஒக்காந்ததே இல்ல சார். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது.

கோணல் எதுக்கா? விடமாட்டீங்க போல. ஆறு மணிக்கு ஒருத்தர் வருவாரு. அவருக்கு இடது பக்கம் நாலு ஓட்டை, வலது பக்கம் ரெண்டு. வலது கால் ஒரு இன்ச் கம்மி. ரெண்டும் சமமா இருந்தா இடுப்பு ஒரு பக்கமா இழுத்துக்கும். ஒரு இன்ச்தானேன்னு நீங்க சொல்லிடுவீங்க. பேண்ட் தைக்கிறவன்கிட்ட சொல்லிப் பாருங்க.

மொத நாள் வந்தப்ப குனிஞ்சு குனிஞ்சு மாத்திக்கிட்டே இருந்தான். பின்னால ரெண்டு பேரு காத்துக்கிட்டு நின்னாங்க. ஒருவழியா அவன் மாட்டி முடிச்சப்ப ஒருத்தன் சிரிச்சிட்டான். இவன் ஒரு தடவகூட இழுக்காம எந்திரிச்சுப் போயிட்டான். கடையிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்த எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் போனப்புறம் வந்து, எந்த ஓட்டைன்னு எண்ணி வச்சுக்கிட்டேன். மறுநாளே இங்க சேந்துட்டேன். எட்டு மாசம் ஆச்சு. கோச்சுதான் வச்சு வைக்கிறாருன்னு அவன் நெனச்சுக்கிட்டிருக்கான். நான் கேட்டுக்கிட்டதால அவரும் பாவம், தலையாட்டிட்டாரு.

அவன் இவன்னா சொல்றேன்? என் தம்பி சார். கூடப் பொறந்தவன். பேசி மூணு வருஷம் ஆச்சு. நான் தைச்சதத் தவிர வேற பேண்ட் தொட மாட்டான் முன்னெல்லாம். இப்ப ரெடிமேட் வாங்கி, ஒரு காலை உள்ள மடிச்சு ஊக்கு குத்திக்கிட்டு, என் கடை வாசல் வழியாவே போறான். அத வெட்டித் தைக்கறது அஞ்சு நிமிஷ வேலை எனக்கு.

போதும் சார், எந்திரிங்க, கையெடுத்துக் கும்புடறேன். நாளைக்கு ரெண்டு மணி நேரம் வேணாலும் ஒக்காருங்க. தள்ளுங்க, நான் மாட்டறேன். நாலு... ரெண்டு. ஆச்சு.

அதோ, ரோட்டைத் தாண்டிட்டான். நான் பின்கதவு வழியா போறேன். கேட்டா கோச்சு வச்சாருன்னே சொல்லிடுங்க.

என்னது? அவன் காலுக்கு என்ன ஆச்சா? பைக்கு சார். மெதுவாப் போண்ணே, மெதுவாப் போண்ணேன்னு சொல்லிக்கிட்டேதான் பின்னால ஒக்காந்திருந்தான்.