இரண்டாம் பாகத்துக்கு வந்த விரிசல் மணி

திற என்றால் வாயைத் திறக்கவும், போதும் என்றால் மூடவும் இந்தப் பகுதி முழுவதையும் பழக்கி வைத்திருக்கும் அவைத் தலைவர், பல் மருத்துவர் அம்மா அவர்களே, முதல் பாகமே முத்து என்று எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட தாய்மார்களே, "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு வராமலே இருக்கும் பிள்ளைகளே, பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வணக்கம்.

மாயமும் மந்திரமும் மண்டிக் கிடக்கும் உலகில் நாமே நாயகனாய் நடமாடும் வீடியோ கேம்கள். அவற்றில் இரண்டாம் பாகம் முதல் பாகத்தை மிஞ்சுகிறதா, மிஞ்சவில்லையா? இதுதான் இன்றைய வழக்கு. முதல் பாகத்தில் உயிர் இருந்தது, இரண்டாம் பாகத்தில் மினுக்குதான் இருக்கிறது என்றார் மருந்துக்கடை அண்ணன். அவரே போன வாரம் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார். அதைக் கேட்டால் மட்டும் சிரிக்கிறார். பாருங்கள், இப்போதும் சிரிக்கிறார்.

நான் இரண்டாம் பாகத்தின் கட்சி. ஏன் தெரியுமா? நானே ஓர் இரண்டாம் பாகம். சத்தமாகச் சிரிக்காதீர்கள், முதல் வரிசையில் என் மனைவி இருக்கிறார். அவருடைய முதல் கணவர் நோயில் மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்குள் நான் வந்தேன். அங்கே பன்னிரண்டு வயதில் ஒரு மகள். இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லுங்க. ஆனா மேடையில கண்ணைக் கசக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டாள். முயன்று பார்க்கிறேன்.

பனிமலையில் பதுங்கிய டிராகனைத் தேடிப் போகும் ஒரு வீரனின் விளையாட்டு அந்த வீட்டில் இருந்தது. அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து ஆடியது. சேர்ந்து என்றால், ஒருவர்தான் ஆட முடியும். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து "இடது பக்கம் போ, இடது பக்கம் போ" என்று கத்தலாம். குதிரை சுவருக்குள் சிக்கிக்கொள்ளும். பாலத்துக் காவலன் எப்போது போனாலும் "இன்று குளிர் அதிகம்" என்பான். பையில் பாரம் கூடினால் வீரன் ஓட மாட்டான், நடப்பான். அவ்வளவு குறை அதில்.

இரண்டாம் பாகம் வெளியானது. பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று ஓடிப்போய் வாங்கினேன். என்ன இல்லை அதில்? கடல் உண்டு, காடு உண்டு, கரையில் காத்திருக்கும் கப்பல் உண்டு. குதிரை குதிரையாக ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீரனோடு ஒரு தோழனும் உண்டு. இரண்டு பேர் ஆடலாம். அவள் புதிதாக ஒரு வீரனை உருவாக்கினாள். நான் தோழன். ஒரு வாரம் ஆடினோம். ஆடினோம் என்றா சொன்னேன்? வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோல் ஆடினாள். "நீங்க முதல்ல போங்க." "பரவாயில்ல, புதையலை நீங்களே எடுத்துக்கோங்க." பேயை அடிக்கும்போதுகூட எனக்கு வழிவிட்டாள். அது வலித்தது ஐயா.

"பழசு நல்லா இருக்கா, புதுசு நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "புதுசுதான்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

லிஃப்ட் நின்றுபோனால், வாசலில் எரியும் விளக்கை நான் நம்புவதில்லை. மாடிக்கு ஏறி மோட்டாரைப் பார்ப்பேன். அவளிடம் கேட்டுவிட்டு, அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் முதல் பாகத்தைப் போட்டேன். அப்பாவும் மகளும் வளர்த்த வீரன் வந்தான். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. ஓநாய் துரத்துகிறது, நடக்கிறான். மழை கொட்டுகிறது, நடக்கிறான். கூரை இடிந்து விழுகிறது, அப்போதும் நடக்கிறான். ஏன் ஓடவில்லை? என்னதான் சுமக்கிறான்? பையைத் திறந்தேன். உள்ளே விரிசல் விட்ட வெண்கல மணி ஒன்று. அடித்தால் ஒலிக்காது, விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கனம்.

தலைவர் மணியடிக்கிறார். ஒரு நிமிடம் அம்மா. உங்கள் மணியாவது ஒலிக்கிறது, நான் சொல்லும் மணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முடித்துவிடுகிறேன்.

மாலையில் கேட்டேன். "இந்த மணியை எதுக்குத் தூக்கிட்டு அலையிற? கீழ போட்டா ஓடலாமே."

"அப்பா எடுத்தது. இதுக்குன்னு ஒரு கதவு எங்கேயோ இருக்கும்னு சொல்லிட்டே இருந்தாரு. கடைசி வரைக்கும் கிடைக்கல."

"புதுசுல ஆரம்பிக்கும்போது, பழைய வீரனை அவன் பையோட கூட்டிட்டு வரலாமான்னு திரையில கேட்டுச்சே. ஏன் வேண்டாம்னு அமுக்கின?"

கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க இப்பதான வந்திருக்கீங்க. பழசெல்லாம் கூட வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல."

அவையோரே, நான் நல்ல பெயர் வாங்கப் போனவன். அந்தக் குழந்தையோ என் மனம் நோகக்கூடாது என்று தன் அப்பாவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது வீட்டில் நடந்தது, ஆகவே நிபந்தனையை மீறவில்லை.

"கூட்டிட்டு வா அந்தத் தூங்குமூஞ்சிய" என்றேன். ஒரு வாரம் ஆடியதை அழித்தோம். ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். திரை கேட்டது, அவள் ஆம் என்று அமுக்கினாள்.

அண்ணன் கேட்டாரே, இரண்டாம் பாகம் எதில் உயர்ந்தது என்று? வாளிலா? வானத்திலா? வண்ணத்திலா? அவையெல்லாம் அடுத்த பாகம் வந்தால் பழையதாகிவிடும். முன்னவனை மறக்கச் சொல்லி வரும் இரண்டாம் பாகம், எத்தனை கடல் காட்டினாலும் தோற்கும். முன்னவனையும் கூட்டி வா என்று கதவைத் திறந்து வைக்கும் இரண்டாம் பாகம் வெல்லும். வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

தூங்குமூஞ்சி கடற்கரையில் வந்து நின்றான், மணியோடு. கப்பல் கிளம்பப் போகிறது. ஓடினால்தான் பிடிக்கலாம். அவனோ நடக்கிறான். மகள் ஆட்டத்தை நிறுத்தினாள். வீரனின் பையைத் திறந்து மணியை எடுத்தாள். என் தோழனின் பையில் வைத்தாள்.

"கொஞ்ச தூரம் நீ தூக்கிட்டு வா" என்றாள். அதுவரை அவள் என்னை நீ என்று கூப்பிட்டதில்லை.

இப்போது அவள் ஓடுகிறாள், நான் பின்னால் நடக்கிறேன். ஓநாய்கள் என்னைத்தான் கடிக்கின்றன. அந்தக் கதவு இரண்டாம் பாகத்திலாவது இருக்கிறதா? தெரியவில்லை. கண்ணில் படும் கதவையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேரம் தந்த தலைவருக்கும், காது தந்த உங்களுக்கும், இப்படி ஒரு மகளை வளர்த்து அவள் கையில் அந்த மணியையும் கொடுத்துவிட்டுப் போன முதல் பாகத்துக்கும் என் நன்றி. வணக்கம்.