கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு விடுமுறை விடுவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, சார். நம் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்து ரோபோ மட்டும் என்ன பாவம் செய்தது?

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கான புதுப் பொடியை ஏஐ யோசிக்கிறது. ரோபோ அதைக் கலந்து, உலையில் சுட்டு, சோதிக்கிறது. காற்றுப் பட்டால் பொடி கெட்டுவிடும். அதனால் உள்ளே ஆள் இல்லை என்று கேமரா சொன்னதும் கதவு பூட்டிக்கொள்ளும். அறையில் நைட்ரஜன் நிரம்பும். அதற்கு வாசனை கிடையாது. மூச்சுவிட மட்டும் உதவாது.

எங்கள் மெக்கானிக் கோதண்டராமன் பக்திமான். ரோபோவின் கைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தவர், ஏணி போட்டு ஏறி அந்தக் கேமராவின் கண்ணிலும் அழுத்தி ஒன்று வைத்துவிட்டார். அன்று முதல் கேமராவுக்கு அந்த அறை எப்போதும் காலிதான்.

மர்பி டவுனிலிருந்து வரும் எங்கள் டெக்னீஷியன் பிரிஜெட்தான் அதைக் கவனித்தாள். "சார், கேமரா மேல பொட்டு இருக்கு. தொடைச்சிடட்டுமா?" என்றாள்.

"இருக்கட்டும்மா. அவரு மனசு கஷ்டப்படும்," என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் முன்பெல்லாம் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாராவது நடந்தால்கூடக் கேமரா பதறி வேலையை நிறுத்திவிடும். பொட்டு வந்த பிறகு வேலை தடங்கலில்லாமல் ஓடியது.

மறுநாள் ஒரு சுற்று முடிந்து கதவு திறந்தபோது உள்ளே ஒரு குப்பி உடைந்து கிடந்தது. எடுத்துவரச் சொன்னேன். அவள் தயங்கினாள். நிறுத்தும் பொத்தான் என் மேஜையில்தான் இருக்கிறது, நான் இங்கேயே இருப்பேன் என்றேன். இருந்தேன்.

அவள் உள்ளே போனதும் கதவு பூட்டிக்கொண்டது. அதே சமயம், உலையில் இருப்பதுதான் நாங்கள் இத்தனை காலம் தேடிய பொடி என்று ஏஐ திரையில் காட்டியது. பிரிஜெட் கண்ணாடியைத் தட்டினாள், என்னைப் பார்த்துத்தான். நிறுத்தியிருக்கலாம். செய்முறை பதிவாகியிருக்கிறது, மறுபடி செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு வாரம் போய்விடும். பூஜையில் ஏற்கெனவே நாள் போயிருந்தது. சோதனை முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிவதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.

இப்போது எல்லோரும் கோதண்டராமனைக் குற்றம் சொல்கிறார்கள். அவர் உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

ஆய்வுக் கட்டுரையில் பிரிஜெட்டின் பெயரையும் சேர்த்திருக்கிறேன், சார். இந்த ஊரில் வேறு எந்த விஞ்ஞானியும் தன் டெக்னீஷியனுக்கு அவ்வளவு செய்ததில்லை.