வீடியோவில் இருந்த உடைந்த பல்

என் வயது நாற்பத்து நான்கு. பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே போதுமான அளவு சுற்றிவிட்டதால் இதில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பல் டாக்டர்களுக்கு, பல்லின் மேல் மாட்டும் கேப், பல்செட் செய்து கொடுக்கும் லேப்பில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தனார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவரும் என் மாமியாரும் எங்களுடன் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். காவல் ஆய்வாளர் அம்மா கேட்டபடி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த மாதம் பதின்மூன்றாம் தேதி பள்ளி வாசலில் திரும்பும்போது கொழுந்தனார் ஓட்டிய பேருந்து மதில் சுவரில் உரசியது. குழந்தைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயிண்ட் மட்டும் போனது. மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அதில் கொழுந்தனார் கேமராவைப் பார்த்து, "நேத்து சுவத்துல இடிச்சதுகூட அதனாலதான். தினம் கொஞ்சம் போட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பேன். பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தபடி சொல்கிறார். முகம் அவர் முகம், குரல் அவர் குரல், தலையை ஒரு பக்கம் சாய்ப்பதுகூட அவர் சாய்ப்பதுதான். அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. கோபத்தில் கை சும்மா இருக்காமல் அந்த வீடியோவை மாமியாருக்கு அனுப்பி, உங்கள் சின்ன மகனின் லட்சணத்தைப் பாருங்கள் என்று எழுதினேன். அதன் பிறகு கொழுந்தனாருக்குப் போன் செய்து பிடி பிடியென்று பிடித்தேன். தான் அப்படிப் பேசவே இல்லை என்று இரண்டு முறை சொன்னார். நான் நம்பவில்லை. பெற்றோர் குழுவில் வீடியோ கண் காது மூக்கு வைத்துச் சுற்றிக்கொண்டிருந்ததால், அன்று மாலையே பள்ளி மேலாளர் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு மூன்று நாள் வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. மாமியார் மகனுக்குத் தட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அவரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக் கையைக் கழுவுவார்.

பதினேழாம் தேதி காலை நான் லேப்பில் இருந்தபோது, எங்களுக்கு வேலை கொடுக்கும் டாக்டரின் உதவியாளர் இது உங்கள் வீட்டு ஆள்தானே என்று கேட்டு அதே வீடியோவை அனுப்பினார். அப்போது ராவும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே சத்தமில்லாமல்தான் பார்த்தேன். காதில் வார்த்தை விழாதபோது கண் தன் வேலைக்குப் போய்விட்டது. வாயை மட்டும் பார்த்தேன். மேல் முன்பல்லின் மூலை உடைந்திருந்தது.

அந்தப் பல்லுக்குக் கேப் செய்தவளே நான்தான். இந்த மாதம் மூன்றாம் தேதி டாக்டர் அதைப் பொருத்தினார். கேப் உட்காருவதற்காக அதற்கு முன்பே பல்லைச் சுற்றிலும் ராவி எடுத்துவிட்டார். அந்த உடைந்த மூலை இப்போது உலகத்திலேயே இல்லை. பதின்மூன்றாம் தேதி நடந்ததைப் பேசும் வாயில் அது எப்படி வரும்? மறுபடி ஓடவிட்டேன். தலை திரும்பும் இடத்தில் உடைந்த மூலை ஒரு நொடி முழுசாகி, மறுபடி உடைகிறது. பல் அப்படிச் செய்யாது. மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். முதல் நாள் பதினொரு முறை பார்த்திருக்கிறேன். என் கையால் செய்த பல்லை ஒரு முறைகூடத் தேடவில்லை.

அதன் பிறகு முதலாளியிடம் சொல்லி, தேதி எழுதிப் பெட்டியில் வைத்திருந்த ராவிய பல் தெரியும் கொழுந்தனாரின் பல்வரிசை பிளாஸ்டர் அச்சையும் டாக்டரின் சீட்டையும் வாங்கினேன். வேலை முடிந்த அச்சை நாங்கள் ஆறு மாதத்துக்குத் தூக்கிப் போடுவதில்லை. இது பொய் என்று எழுதி அந்த வீடியோவையே எல்லோருக்கும் அனுப்பலாம் என்றார் என் கணவர். எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள், வீடியோவைத்தான் பார்ப்பார்கள், வேண்டாம் என்றேன். அதை முதலில் பதிவிட்ட கணக்கையும் தேதி நேரத்தையும் போனில் படமாக எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்திலும் புகார் செய்துவிட்டு, பதினெட்டாம் தேதி கொழுந்தனாரோடு இந்த நிலையத்துக்கு வந்தேன். போன வருடம் பள்ளி விழாவில் அவர் நன்றி சொல்லிப் பேசிய வீடியோ பள்ளியின் பக்கத்தில் இருப்பதையும், அதில் அதே உடைந்த பல் தெரிவதையும் அவரே காட்டினார். அதிலிருந்து முகத்தையும் குரலையும் எடுத்து, சொல்லாததைச் சொன்னதுபோல் கம்ப்யூட்டரில் யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்த பெயரைச் சொல்ல மாட்டேன். நாங்கள் பட்டது போதும்.

அதன் பிறகு பத்தொன்பதாம் தேதி மேலாளர் அச்சையும் கொழுந்தனாரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுநாளே வண்டியை எடுக்கச் சொன்னார். பெற்றோர் குழுவில் விளக்கமும் எழுதினார். அன்று மாலை மாமியாரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அச்சைக் கையில் வாங்கிப் பார்த்து, "புரிஞ்சுதும்மா. என் பிள்ள அப்படிப் பண்ண மாட்டான்" என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

இருபதாம் தேதி காலை கொழுந்தனார் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினார். மாமியார் வாசலில் அவரை நிறுத்தி, கிட்டே வரச் சொன்னார். காலரைச் சரி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "வாயை ஊதுடா" என்றார். கொழுந்தனார் குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேரே ஊதினார். அதன் பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு போனார். இன்று இருபத்தேழாம் தேதி. இப்போதெல்லாம் அம்மா கேட்பதற்கு முன்பே அவராகக் குனிந்துவிடுகிறார்.

வீடியோவைப் பரப்பியவர்களின் எண்களைக் கேட்டீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே என் எண்ணையும் எழுதிக்கொள்ளவும்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, யாரும் மிரட்டிச் சொல்லவும் இல்லை.

(ஒப்பம்)