பிரேக் ஆயில்

டயரில் காற்று பார்ப்பதென்றால் காலையில் பார்க்க வேண்டும், பரிதாம்மா. வண்டியை எடுத்து நாலு தெரு சுற்றிவிட்டுப் பார்த்தால், சூட்டில் அளவு கூடத்தான் காட்டும். சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். இந்த ஊர் வெயிலுக்கு அது இன்னும் மோசம். வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இதைப் போலீஸ் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டு பிறகு மற்றதை எழுதட்டும்.

அவர் நல்ல மனிதர். வந்ததும் தேநீர் கொடுத்தார். என் மைத்துனன் லூசியேன் என் வண்டிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்ததை விபத்து என்றே எழுதத் தயாராக இருக்கிறார். பிரேக் பிடிக்கவில்லை, பாவம், பெண்டாட்டியையும் இதே மாதிரி பறிகொடுத்தவர், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்கிறார். அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது நீங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். உங்கள் காயல்பட்டணத்துத் தமிழில் அது இன்னும் இதமாக இருந்தது. ஆனால் அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. அந்த வண்டியின் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

என் பெயர் ராமாமிர்தம். காரைக்கால்காரன். மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சரக்குப் பார்த்து வாங்கும் வேலைக்காக வியத்நாமில் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே எல்லாரும் மோட்டார்பைக்கில் பறக்கிறார்கள். நான் வந்த கொஞ்ச நாளிலேயே பழைய கார் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் என் கையாலேயே செய்வேன். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பேன். எஞ்சின் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். பேட்டரித் தலையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவுவேன். கடல் ஏறி ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு வரும் நாட்களில், தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து உலர்த்துவேன். மெக்கானிக் யாரையும் அண்ட விடமாட்டேன். அவன் நம் வண்டியில் பாதி மனசை வைத்துக்கொண்டு மீதி மனசைக் கைபேசியில் வைத்திருப்பான்.

என் மனைவி அந்துவானேத் இதைக் கேலி செய்வாள். "நான் மாதா கோயில்ல பூசை பாத்துட்டு வந்துடறேன், நீங்க அதுக்குள்ள ஒங்க பூசைய முடிங்க" என்பாள். திரும்பி வந்து, கையெல்லாம் மசியோடு நிற்கும் எனக்குக் காப்பியை வாயருகே பிடிப்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

லூசியேன் அவள் தம்பி. வுங் டாவ் என்ற கடற்கரை ஊரில், கடலில் எண்ணெய் எடுக்கிற கப்பல்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடத்தில் வேலை. வியத்நாம் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் ஏறவில்லை. ஒரே சொல்லை ஆறு விதமாக இழுத்து ஆறு அர்த்தம் சொல்கிறார்கள், மனுஷன் என்ன செய்வான். லூசியேன் எங்கள் வண்டியை ஓட்டினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வருவேன். வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் பாட்டைப் பெரிதாக வைப்பான். "சத்தம் வந்தா வண்டி ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம்டா" என்று திட்டினால், "ஒங்ககிட்ட பேசறதுக்கு அதாவது இருக்கேத்தான்" என்று சிரிப்பான். அவனோடு கோபித்துக்கொண்டு ஒரு வேளை கூட இருக்க முடியாது. அப்படி ஒரு பிறவி.

போன வருஷம் அந்துவானேத் கடல் பார்க்க வேண்டும் என்றாள். எனக்குக் கப்பலேற்ற வேண்டிய சரக்கு இருந்தது. வெள்ளிக்கிழமையே வந்து இரண்டு நாள் எங்களோடு தங்கியிருந்த லூசியேன் அக்காவை அழைத்துக்கொண்டு என் வண்டியில் கிளம்பினான். வுங் டாவ் சாலையில் முன்னால் போன கண்டெய்னர் லாரி நின்றது. இவன் மிதித்தான். பெடல் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் போய்ச் சொருகியது, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க. ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க முகம் இல்லை என்பதை அப்படிச் சொன்னார்கள். துணிக்கு வெளியே கையை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். நகத்துக்கு முந்தின நாள்தான் சாயம் போட்டிருந்தாள்.

லூசியேனுக்குத் தோள் எலும்பு உடைந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நேத்துலேர்ந்தே பெடல் எறங்கிக்கிட்டுதான் இருந்துச்சு அத்தான். நாந்தான் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அக்காவ நாந்தான் கொன்னுட்டேன்." காரைக்காலில் இருக்கும் தன் அம்மாவுக்கும் போனில் அதையே சொன்னான். அந்தக் கிழவி அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் வைத்து, ஊர் பார்க்க, நான் அவனைக் கொலைகாரன் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான். அதன் பிறகும் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து, நான் கதவைத் திறக்காவிட்டால் சாப்பாட்டுப் பொட்டலத்தை இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போவான். நான் அதைத் தொடுவதில்லை. அவன் மேல் இருந்த கோபம்தான் என்னைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பியது. அது இல்லாவிட்டால் நான் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு இந்த வண்டியை வாங்கினேன். இதுவும் பழையதுதான், நல்ல எஞ்சின். யாரோ சொல்லி லூசியேனுக்குத் தெரிந்து போன் செய்தான். "த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு, பழம் வெச்சு எடுங்கத்தான். நான் வந்து வெக்கிறேன்" என்றான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனாக இருந்தால் என்ன, எங்கள் ஊரில் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுக்கிறவன் கிடையாது. நாலு டயருக்கு அடியிலும் ஒவ்வொரு பழம். வண்டியின் முதல் அசைவு அதை நசுக்கிக்கொண்டு போக வேண்டும். கண் திருஷ்டியெல்லாம் பழத்தோடு போய்விடும் என்று கணக்கு. நான் வா என்றேன். அடக்கத்துக்குப் பிறகு நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. போனிலேயே அழுதுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அர்ச்சனை முடித்து, வீட்டு முற்றத்துச் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்த வண்டிக்குக் குங்குமம் வைத்தேன். பழம் நசுங்க அரையடி நகர்ந்தால் போதும், பின்னால் எடுத்து வெளியே போய்விடலாம். பின் டயர் இரண்டுக்கும் லூசியேன் பழம் வைத்துவிட்டான். முன்பக்கம் தரை சரிவு. இந்த ஊர் எலுமிச்சை சின்னது, கோலிக்குண்டு போல ஓடும். அவன் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றதை அண்டக்கொடுத்தான். "பிரேக்க மிதிச்சிக்கிட்டே இருங்கத்தான். நான் எந்திரிச்சி வந்து சொன்னப்புறம் விடுங்க" என்றான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் போட்டிருந்தேன். கால் பிரேக்கில் இருந்தது. இந்த இடத்தில்தான் அதிகாரி, கால் வழுக்கிவிட்டதா அல்லது பிரேக் பிடிக்கவில்லையா என்று கேட்கிறார். இரண்டும் இல்லை. அவன் பழத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்கும் வரை வண்டி அசையவில்லை, அவ்வளவு நன்றாகப் பிடித்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் காலை எடுத்துப் பக்கத்துப் பெடலில் வைத்து அழுத்தினேன்.

வண்டி இடுப்பில் மோதி அவனைச் சுவரோடு சேர்த்தது. உலர்ந்த மூங்கிலைக் காலால் மிதித்து உடைப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பானெட் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தகரத்தைத் தட்டினான். கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. வாயிலிருந்து வந்த ரத்தம் கண்ணாடி வரை தெறித்தது, வைப்பரைப் போட்டேன். பின்னால் எடுத்தேன். சுவரில் சாய்ந்தபடியே வழிந்து உட்கார்ந்தான். கால்கள் அவனுடையவை போல இல்லை. "அத்தான்" என்றான். காதில் நன்றாக விழுந்தது. மறுபடி முன்னால் விட்டேன். உட்கார்ந்திருந்ததால் இந்தத் தடவை பம்பர் தலைக்கு நேராக வந்தது. அப்புறம் எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குனிந்து ரேடியேட்டர் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை. வீட்டுச் சொந்தக்கார அம்மா மாடியிலிருந்து அலறிக்கொண்டு இறங்கி வந்தபோது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், பரிதாம்மா. அவசரமில்லை.

ஏன் என்று கேட்கிறாரா. என் மனைவியைக் கொன்றவன் அவன், அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். இது எந்த ஊரிலும் புரியும். அதிகாரிக்கும் புரிகிறது, தலையை ஆட்டுகிறார் பாருங்கள்.

இப்போது அவர் என்ன கேட்கிறார்? முற்றத்தில் மூடி திறந்த குப்பி ஒன்று கிடந்ததே, அதுவா. அது ஸ்டியரிங்குக்கு ஊற்றும் எண்ணெய், அதைப் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதி, நாளடைவில் பிரேக் கைவிட்டுவிடும், நான் அதைத்தான் ஊற்றியிருக்க வேண்டும், அதனால் இது விபத்துதான் என்கிறாரா. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். பெரிய மனசு. ஆனால் அதை இந்த வண்டியில் ஒரு சொட்டுக் கூட ஊற்றவில்லை. ஊற்றப் போனேன், லூசியேன் கையைப் பிடித்துத் தடுத்தான். இந்த வண்டிக்குச் சரியானதைத்தான் ஊற்றினோம்.

ஆமாம், இந்த வண்டிக்கு என்றுதான் சொன்னேன்.

சரி, அதையும் சொல்கிறேன். நம் ஊரில் எல்லாரும் பிரேக் ஆயில் என்றுதானே சொல்வோம், பரிதாம்மா. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். மெக்கானிக் சொல்வான், டிரைவர் சொல்வான், நான் பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. முதல் வண்டிக்கு வாங்கப் போனபோது, இங்கே கடையில் இரண்டு குப்பி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஃப்ளூயிட் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மற்றதில் ஆயில் என்று போட்டிருந்தது. நான் ஆயிலை எடுத்தேன். சந்தேகத்துக்குக் கடைப் பெண்ணிடம் "யௌ?" என்றும் கேட்டேன். யௌ என்றால் இவர்கள் பாஷையில் எண்ணெய். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிக் கவனமாக இருப்பது.

அன்று காலை, பழம் வைப்பதற்கு முன்னால், நான் அந்தக் குப்பியைத் திறந்து பிரேக் டப்பாவுக்கு மேல் சாய்க்கும்போது லூசியேன் வந்தான். குப்பியை வாங்கி, அதன் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஓடிப்போய் முனைக் கடையிலிருந்து ஃப்ளூயிட் வாங்கிவந்து தானே ஊற்றி மூடினான். பிறகு துணியில் என் விரல்களைத் துடைத்துவிட்டுக்கொண்டே பேசினான்.

"அந்த வண்டியப் பிரிச்ச மெக்கானிக் அப்பவே சொல்லிட்டான் அத்தான். ரப்பரு எல்லாம் ஊதிக் கெடக்கு, யாரோ தப்பான எண்ணெய ஊத்திருக்காங்கன்னான். நான் யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்ட கூட சொல்லல. நாந்தான்னே இருக்கட்டும். அக்கா போயிட்டா, நீங்களாவது இதத் தெரிஞ்சிக்காம இருங்கன்னுதான் இருந்தேன். இன்னைக்கி இதப் பாத்ததுக்கப்புறம் சொல்லாம இருக்க முடியல. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது."

சொல்லிவிட்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு போனான். நான் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன்.

அவன் சொன்னது பொய் என்று இப்போதும் சொல்கிறேன். என் கையால் பார்த்த வண்டி அது. மெக்கானிக்குகள் ஆயிரம் சொல்வார்கள். எழுதுங்கள், லூசியேன் பொய் சொன்னான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது பொய்தான் என்றால் எதற்காகக் கொல்ல வேண்டும் என்று கேட்கிறார், அப்படித்தானே. நீங்கள் சொல்லாமலே புரிகிறது, பரிதாம்மா. நல்ல கேள்வி. அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

பொய்யாக இருந்திருந்தால், கன்னத்தில் ஒன்று கொடுத்து அனுப்பியிருப்பேன்.